ஒரு ஸ்கோலின் ஊசி, ஆறரை மணி நேரம் திரும்பாத மூச்சு: கடலூர்ச் சூழலில் ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் பெண்ணும் குடும்பமும் பயிற்சிக்காக அமைத்த மாதிரிகள். மருந்து அளவுகள், நேரங்கள், பரிசோதனை எண்கள் ஆகியவை இப்படிப்பட்ட நோயாளியிடம் இயல்பாகக் காணக்கூடிய எல்லைக்குள் வைக்கப்பட்டவை. மரபணு பற்றியும் சமூகங்களின் மரபியல் பற்றியும் சொல்பவை வெளியான ஆய்வுகளின் முடிவுகள்.

நிகழ்வு

34 வயதுப் பெண், எடை 60 கிலோ. திருப்பாதிரிப்புலியூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம். இரண்டு குழந்தைகள், இரண்டும் சுகப்பிரசவம். இதற்கு முன் எந்த ஆபரேஷனும் நடந்ததில்லை. இரண்டு நாளாக வலது அடிவயிற்றில் வலி, வாந்தி, 102 டிகிரி காய்ச்சல். ஸ்கேனில் குடல்வால் வீங்கியிருந்தது, சுற்றிலும் நீர் கோத்திருந்தது. வெடித்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் முதுகில் ஊசி போடுவதைத் தவிர்த்து முழு மயக்கம் கொடுக்க முடிவாயிற்று. இடம், கடலூரில் 30 படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனை.

ஆபரேஷனுக்கு முன் நிரப்பிய தாளில் சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா, வலிப்பு, மருந்து அலர்ஜி என்ற ஐந்து கேள்விகள். ஐந்துக்கும் 'இல்லை' என்றே பதில். ஐந்தும் உண்மை.

வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவர் என்பதால் வயிறு காலியாக இருக்காது. மயக்கம் வந்த ஒரு நிமிடத்துக்குள் மூச்சுக்குழலில் டியூப் போய்விட வேண்டும். அதற்கு இன்றும் பல தியேட்டர்களில் முதலில் கைக்கு வருவது, தசைகளைச் சட்டென்று தளர்த்தும் ஸ்கோலின்தான். இரவு 9.10க்கு வலிக்கு ஃபென்டனில் 100 மைக்ரோகிராம், மயக்கத்துக்குப் புரோபோஃபால் 120 மில்லிகிராம், அடுத்து ஸ்கோலின் 2 மில்லி, அதாவது 100 மில்லிகிராம். முகத்திலும் தோளிலும் வழக்கமான துடிப்பு ஓடி அடங்கியது. 7ஆம் எண் டியூப் சிரமமில்லாமல் போனது. செவோஃப்ளூரேன் மயக்க வாயு ஓடத் தொடங்கியது. 9.16க்கு இன்னொரு தசைத் தளர்த்தி, அட்ராகியூரியம் 25 மில்லிகிராம்.

இந்த நிகழ்வின் முதல் பிழை அந்த 9.16 ஊசி. ஸ்கோலின் வேலை சாதாரணமாக 5 முதல் 10 நிமிடத்தில் முடிந்துவிடும். நோயாளி தானாக ஒரு மூச்சு இழுப்பார், அல்லது நரம்பில் சிறு மின்அதிர்வு கொடுக்கும் நெர்வ் ஸ்டிமுலேட்டரில் கட்டைவிரல் துடிக்கும். அதைப் பார்த்த பிறகுதான் அடுத்த தசைத் தளர்த்தியைப் போட வேண்டும். இங்கே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் 9.25க்கே சந்தேகம் வந்திருக்கும்.

10.05க்குத் தையல் முடிந்தது, வாயு நிறுத்தப்பட்டது. 10.15 வரை அசைவில்லை. அட்ராகியூரியம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று எண்ணி, 10.20க்கு அதை முறிக்க நியோஸ்டிக்மின் 2.5 மில்லிகிராம், கூடவே கிளைக்கோபைரோலேட் 0.5 மில்லிகிராம். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. 10.30க்கு நாடித்துடிப்பு 88லிருந்து 128 ஆனது, இரத்த அழுத்தம் 170/104. நெற்றி வியர்த்தது. மூடி ஒட்டியிருந்த இமை ஓரத்தில் நீர் கசிந்து பிளாஸ்திரி நனைந்தது. விரல் நுனிகூட அசையவில்லை.

முழு விழிப்பில், ஒரு தசையையும் அசைக்க முடியாமல் கிடக்கும் ஒருவரிடம் வெளியே தெரியக்கூடிய அறிகுறிகள் இவ்வளவுதான். பலர் இதைத் தையல் வலி என்று எடுத்துக்கொண்டு வலி மருந்தை மட்டும் ஏற்றுகிறார்கள். வாயு நின்று 10 நிமிடம் கடந்த பின் நாடியும் அழுத்தமும் ஒன்றாக ஏறினால், காரணத்தைத் தேடுவதற்கு முன்பே மயக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். காரணம் தெரிய பத்து நிமிடம் தாமதமாகலாம். அந்தப் பத்து நிமிடமும் நோயாளி விழித்திருக்கக் கூடாது.

10.32க்கு மாடியில் ஐசியூ அலமாரியில் இருந்த நெர்வ் ஸ்டிமுலேட்டர் வந்தது. மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்க நரம்பில் நான்கு அதிர்வு கொடுத்தபோது கட்டைவிரல் ஒரு தடவைகூடத் துடிக்கவில்லை. புரோபோஃபால் தொடர் ஊசி தொடங்கியது. மற்ற காரணங்கள் அடுத்த கால் மணி நேரத்தில் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. உடல் வெப்பம் 36.2 செல்சியஸ், வெளிவிடும் காற்றில் கார்பன்டைஆக்சைடு 38, சர்க்கரை 118, கண்மணிகள் இரண்டும் ஒரே அளவில் வெளிச்சத்துக்குச் சுருங்கின. ஆம்பியூல்களும் சிரிஞ்சு லேபிள்களும் சரிபார்க்கப்பட்டன. 25 மில்லிகிராம் அட்ராகியூரியம் 60 கிலோ உடலில் முக்கால் மணி நேரத்தைத் தாண்டி இப்படி முழுதாக நிற்காது. மிச்சம் இருந்தது ஸ்கோலின் மட்டும்.

மயக்க மருத்துவர் வெளியே வந்து பெண்ணின் அம்மாவிடம் கேட்டார்: "அம்மா, உங்க வீட்டுல யாருக்காவது ஆபரேஷன் முடிஞ்சு மூச்சு வர லேட்டாகி மிஷின்ல வெச்சிருந்தாங்களா?"

"என் தம்பிக்கு ஹெர்னியா பண்ணப்போ ராத்திரி பூரா மிஷின்லதான் சார் இருந்தான். மருந்து ஜாஸ்தியாயிடுச்சுன்னு சொன்னாங்க. காலையில நல்லா எழுந்துட்டான். அதனால நாங்க அதைப் பெருசா எடுத்துக்கல."

தாளில் இருந்தது 'மருந்து அலர்ஜி உண்டா' என்ற கேள்வி. அம்மாவின் தம்பிக்கு வந்தது அலர்ஜி இல்லை. எந்தக் கேள்வி அந்தத் தகவலை வெளியே கொண்டுவருமோ, அந்தக் கேள்வி தாளில் இல்லை.

11 மணிக்கு நோயாளி டியூபோடு ஐசியூவுக்கு மாற்றப்பட்டார். வென்டிலேட்டர், புரோபோஃபால், கண்ணுக்குக் களிம்பு, உடலைச் சூடாக வைக்கப் போர்வை, ஒவ்வொரு அரைமணிக்கும் நெர்வ் ஸ்டிமுலேட்டர். பிளாஸ்மா ஏற்றவில்லை. 1.50க்குக் கட்டைவிரல் முதல்முறை துடித்தது. பிறகு நான்கு துடிப்பும் வந்தன, ஆனால் முதலாவதைவிட நான்காவது மங்கி. 3.20க்கு நான்காவது துடிப்பு முதலாவதில் பத்தில் ஒன்பது பங்கை எட்டியது. புரோபோஃபால் நிறுத்தி, தலையை ஐந்து விநாடி தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் பார்த்து, 3.40க்கு டியூப் எடுக்கப்பட்டது. ஊசி போட்டதிலிருந்து ஆறரை மணி நேரம்.

மறுநாள் மூன்று கேள்விகள் கேட்கப்பட்டன: தூங்குவதற்கு முன் கடைசியாக என்ன ஞாபகம், எழுந்ததும் முதலில் என்ன ஞாபகம், நடுவில் ஏதாவது உண்டா. "பல்ஸ் ஏறுதுன்னு யாரோ சொன்னாங்க டாக்டர். கையைத் தூக்கிக் காட்டலாம்னு பார்த்தேன், வரவேயில்ல. செத்துட்டேனோன்னு நெனச்சேன்" என்றார். இந்தப் பதிலை வாங்கிக் கோப்பில் எழுதுவதும், என்ன நடந்தது என்று அவருக்கு விளக்குவதும் சிகிச்சையின் பாகம். விளக்காமல் விட்டால் தூக்கமின்மையும் பயமும் மாதக்கணக்கில் நிற்கும்.

மருந்து ஏன் போகவில்லை

ஸ்கோலின் என்கிற சக்ஸினைல்கோலின், இரண்டு அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள் ஒட்டிய வடிவம். நரம்பு தசையைச் சந்திக்கும் இடத்தில் போய் உட்கார்ந்து தசையைத் துடிக்க வைத்து, பிறகு செயலிழக்கச் செய்கிறது. ஆனால் இரத்தக் குழாயில் ஏற்றிய மருந்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் அந்த இடம்வரை போய்ச் சேரும். மீதியை இரத்தத்திலேயே வெட்டிவிடும் நொதி ஒன்று உண்டு: பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ், லேப் வழக்கில் சூடோகோலினெஸ்டரேஸ். கல்லீரல் தயாரிக்கும் புரதம் அது. அது இல்லாதவருக்கு 100 மில்லிகிராம் போட்டால், தசைக்குப் போய்ச் சேரும் அளவில் அது மற்றவருக்குப் பத்து மடங்கு போட்டதற்குச் சமம். போன மருந்தை அகற்றவும் நொதி இல்லை. தானாக மெல்லச் சிதைந்தும் சிறுநீரகம் வழியாகவும்தான் அது வெளியேற வேண்டும். நேரம் நீள நீள அடைப்பின் தன்மையும் மாறுகிறது. திரும்பி வந்த துடிப்புகள் ஒன்றுக்கொன்று மங்கியது அந்த இரண்டாம் கட்ட அடைப்பின் அடையாளம்.

நியோஸ்டிக்மின் இங்கே ஏன் கூடாது? அது எல்லாக் கோலினெஸ்டரேஸ்களையும் தடுக்கும் மருந்து, இரத்தத்தில் இருக்கும் கொஞ்சநஞ்ச நொதி உட்பட. இந்தப் பெண்ணிடம் தடுக்க நொதியே ஏறக்குறைய இல்லாததால் பெரிய கெடுதல் நேரவில்லை. அரைகுறை நொதி உள்ளவருக்கு அதே ஊசி அடைப்பை இன்னும் நீட்டும். தசைத் தளர்த்தியை முறிக்கும் இன்னொரு மருந்தான சுகமடெக்ஸ் ஸ்கோலினிடம் வேலை செய்யாது. அது ரோகுரோனியம், வெகுரோனியம் போன்றவற்றுக்கு மட்டும். பிளாஸ்மா ஏற்றினால் அதிலுள்ள நொதி உதவும் என்பது உண்மைதான், ஆனால் வென்டிலேட்டரில் தூங்க வைத்திருந்தாலே சரியாகிவிடும் ஒன்றுக்கு அடுத்தவர் இரத்தப் பொருளின் ஆபத்தை வாங்கத் தேவையில்லை. போதாததற்கு, பிளாஸ்மா ஏற்றிய பிறகு எடுக்கும் இரத்தத்தில் அளவு பார்த்தால் கொடுத்தவரின் நொதிதான் தெரியும்.

பரிசோதனை எண்கள்

இரண்டாம் நாள் எடுத்த இரத்தத்தில் சூடோகோலினெஸ்டரேஸ் லிட்டருக்கு 180 யூனிட். அந்த லேபின் இயல்பு எல்லை 5,300 முதல் 12,900. டிபுகெய்ன் எண்ணைக் கணக்கிட முடியவில்லை என்று லேப் திருப்பி எழுதியது. சிவப்பணு அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் இயல்பு. ஆல்புமினும் கல்லீரல் பரிசோதனைகளும் இயல்பு. கர்ப்பம் இல்லை.

டிபுகெய்ன் எண் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் பாடப் புத்தகத்தை நம்பி இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். 1957இல் காலோவும் ஜெனெஸ்டும் கொண்டுவந்த முறை அது. டிபுகெய்ன் என்ற மருந்து நொதியை எத்தனை சதவீதம் தடுக்கிறது என்று பார்ப்பது. இயல்பானவருக்கு 80 அளவில், ஐரோப்பியரிடம் அதிகம் காணப்படும் 'ஏடிபிகல்' திரிபு மரபணுவின் இரண்டு பிரதியிலும் இருந்தால் 20 அளவில், ஒரு பிரதியில் இருந்தால் 40 முதல் 60. இந்த எண் நொதியின் தரத்தைச் சொல்கிறது, அளவைச் சொல்வதில்லை. நொதியே உருவாகாத 'சைலன்ட்' வகையில் தடுப்பதற்கு ஒன்றும் இல்லாததால் எண்ணுக்கு அர்த்தமும் இல்லை. நம் பகுதியில் சந்தேகம் வந்தால் முதலில் கேட்க வேண்டியது நொதியின் மொத்தச் செயல்திறன்.

இரத்தம் எடுக்கும்போது சர்க்கரைக்கான சாம்பல் மூடி டியூபில் எடுத்துவிடக் கூடாது. அதிலுள்ள ஃபுளோரைடு இந்த நொதியைத் தடுத்து, நல்ல இரத்தத்திலும் அளவைக் குறைத்துக் காட்டும். சாதாரண சீரம் டியூப் போதும். மரபணுவுக்கு ஈடிடிஏ டியூபில் 2 மில்லி தனியே.

கடலூர் மாவட்டத்துக்கே உரிய குழப்பம் ஒன்றும் உண்டு. நெல், கரும்பு, முந்திரி விளையும் மாவட்டம். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து குடித்துவிட்டு வருகிறவர்களை இங்குள்ள அவசரப் பிரிவுகள் நன்றாக அறியும். அதனால் 'கோலினெஸ்டரேஸ் குறைவு' என்ற முடிவைப் பார்த்தவுடன் கை விஷமுறிவான அட்ரோபினுக்குப் போகும். பிறவியிலேயே நொதி இல்லாத ஒருவர் வேறு காரணத்துக்காக மயங்கி விழுந்து வந்து, இந்த எண்ணை மட்டும் வைத்து விஷம் குடித்தவராகக் கருதப்பட்டால் தேவையில்லாத மருந்தும் போலீஸ் விசாரணையும் சேர்ந்து வரும். பிரித்தறிய வழி இருக்கிறது. பூச்சிமருந்து சிவப்பணு நொதியையும் சேர்த்துக் குறைக்கும். பிறவிக் குறை அதைத் தொடாது. பூச்சிமருந்தில் கண்மணி சுருங்கும், எச்சில் வழியும், வியர்க்கும், நாடி குறையும். பிறவிக் குறையில் இவை எதுவும் இல்லை. நான்கு முதல் ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் விஷத்தில் குறைந்த பிளாஸ்மா நொதி ஏறியிருக்கும், பிறவிக் குறை அங்கேயே நிற்கும். நல்ல பக்கம் ஒன்றும் இதிலேயே இருக்கிறது: விஷ நோயாளிகளுக்காக இந்தச் சோதனை இங்கே ஏற்கெனவே பரவலாகக் கிடைக்கிறது. புதிதாக எதையும் கொண்டுவர வேண்டியதில்லை.

மரபணுவும் சமூகமும்

இந்த நொதிக்கான பிசிஎச்இ மரபணு 3ஆம் குரோமோசோமில் இருக்கிறது. முதிர்ந்த புரதத்தில் 574 அமினோ அமிலங்கள். இந்தப் பெண்ணின் இரண்டு பிரதிகளிலும் ஒரே எழுத்து மாறியிருந்தது: 1004ஆம் இடத்தில் 'டி' இருக்க வேண்டிய இடத்தில் 'சி'. அதனால் முதிர்ந்த புரதத்தின் 307ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின். புரோலின் புரதச் சங்கிலியை மடக்கிவிடும். மடிப்பு குலைந்த நொதி நிலைக்காது. புரதத்தின் பெரும்பகுதியை எழுதும் மரபணுத் துண்டான இரண்டாம் எக்ஸானிலேயே இந்த இடம் வருவதால், அந்தத் துண்டை மட்டும் பெருக்கி வரிசைப்படுத்தினால் விடை கிடைத்துவிடும். புதிய எண்ணிடுமுறையில் முன்னால் உள்ள 28 அமினோ அமிலங்களையும் சேர்த்து இதை 335 என்று எழுதுவார்கள்; இரண்டு அறிக்கைகளில் இரண்டு எண் இருந்தால் பதற வேண்டாம்.

இந்தத் திரிபை, இந்தப் பெண்ணின் குடும்பமும் சேர்ந்த ஆரிய வைசிய சமூகத்தினரிடம் கண்டு 2006இல் வெளியிட்ட குழுவில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் ஆர். பூபதியும் இருந்தார். அதற்கு வெகு முன்பிருந்தே ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் மூத்த மயக்க மருத்துவர்கள் ஆபரேஷனுக்கு முன் 'நீங்க வைசியரா' என்று கேட்டு வந்திருக்கிறார்கள். இந்த நொதிக் குறை அச்சமூகத்தில் மற்றவர்களைவிட சுமார் 100 மடங்கு அதிகம்.

ஏன் இவர்களிடம் மட்டும்? உணவு, தொழில், தண்ணீர் எதுவும் காரணமில்லை. இந்தக் குறையால் ஏதோ நன்மை இருந்து அது பெருகியது என்பதற்கும் ஆதாரமில்லை. இந்தியாவில் நீலகிரிப் பழங்குடிகளிடம் 1952இல் முதலில் விவரிக்கப்பட்ட அரிவாள் செல் பண்பு வேறு கதை: ஒரு பிரதி மட்டும் இருந்தால் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு என்பதால் அது நிலைத்தது. இங்கே நடந்தது குறைந்த எண்ணிக்கையிலான மூதாதையரிடமிருந்து ஒரு பெரிய சமூகம் பெருகியது, அவ்வளவே. அந்தச் சிலரில் ஒருவரிடம் இந்த எழுத்துப்பிழை இருந்திருக்கிறது. பிறகு வெளியே சம்பந்தம் செய்யாமல் பல நூற்றாண்டுகள். எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டிய பின்னும் அந்தப் பிரதி கரையாமல் உள்ளேயே சுற்றுகிறது.

ஐதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் (சிசிஎம்பி) குமாரசாமி தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் ஆகியோரின் குழு 2017இல் தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட சமூகங்களின் மரபணுத் தரவை ஒப்பிட்டது. அஷ்கெனாசி யூதர்களையும் பின்லாந்தினரையும்விடக் கடுமையான இப்படிப்பட்ட மூதாதையர் குறுக்கம் 81 சமூகங்களில் தெரிந்தது. அவற்றில் 14 சமூகங்கள் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ளவை. ஆரிய வைசியர், தமிழ்நாட்டுக் கள்ளர், அருந்ததியர், புதுச்சேரி யாதவர் ஆகியோர் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். பட்டியலில் இருப்பதாலேயே ஒரு சமூகத்துக்கு நோய் உண்டு என்று பொருளில்லை. இரண்டு பிரதியிலும் இருந்தால் மட்டுமே வெளிப்படும் அரிய மந்தத் திரிபு ஏதேனும் இருந்தால் அது இரட்டையாகச் சேரும் வாய்ப்பு அங்கே கூடுதல், தேடினால் கிடைக்கும் என்பதே பொருள். வைசியரிடம் இது முதலில் வெளிப்பட்டதற்குக் காரணம், ஆபரேஷன் தியேட்டர் அதைக் காட்டிக்கொடுத்தது. மற்ற சமூகங்களில் எதைத் தேடுவது என்று நம் மருத்துவமனைகள் இன்னும் கோப்புகளைச் சேர்த்துப் பார்க்கவில்லை. ஜிப்மருக்கும் கடலூர் அரசு மருத்துவமனைக்கும் வரும் குழந்தை நோயாளிகளின் பூர்வீகமும் சமூகமும் ஒழுங்காகப் பதிவானாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கணக்காகப் பார்த்தால் விளங்கும். ஒரு சமூகத்தில் 50 பேரில் ஒருவருக்கு இரண்டு பிரதியும் திரிபு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் திரிபுப் பிரதியின் பங்கு 14 சதவீதம், ஒரு பிரதி மட்டும் சுமப்பவர்கள் 24 சதவீதம், கிட்டத்தட்ட நாலில் ஒருவர். ஒரு லட்சத்தில் ஒருவருக்கு மட்டும் குறை உள்ள இடத்தில் சுமப்பவர் 160 பேரில் ஒருவர். முதல் வகைச் சமூகத்தில், ஒருவருக்கொருவர் எந்த உறவும் தெரியாத இருவர் திருமணம் செய்தாலும் இருவரும் சுமப்பவர்களாக இருக்க பதினாறில் ஒரு வாய்ப்பு உண்டு.

'நாங்க சொந்தத்துல கட்டல, தூரத்துச் சம்பந்தம்தான்' என்று குடும்பங்கள் நிம்மதியாகச் சொல்வது இதனால்தான் பாதுகாப்பு ஆகாது. கடலூர்ப் பெண்ணை நெல்லூர் மாப்பிள்ளைக்குக் கொடுத்தாலும் இரு பக்கமும் அதே சில மூதாதையர்தான். சொந்தத்தில் கட்டுவது இதற்கு மேல் கூடும் இன்னொரு அடுக்கு. இந்தப் பெண்ணின் கணவர் அவருடைய அத்தை மகன். அப்பா சுமப்பவர் என்பது உறுதி. அதே பிரதி அத்தைக்கு வந்திருக்க இரண்டில் ஒன்று, அத்தை மகனுக்கு வந்திருக்க நாலில் ஒன்று வாய்ப்பு. சமூகத்தின் பொது விகிதம் அதற்கு மேல் சேரும்.

யாரைக் கேட்பது என்பதில் நம் ஊரில் நடைமுறைச் சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் பெயரில் சாதி தெரியாது, இனிஷியல்தான் இருக்கும். 'செட்டியார்' என்று பதில் வந்தாலும் போதாது. நாட்டுக்கோட்டைச் செட்டியார், வாணியச் செட்டியார், தேவாங்கச் செட்டியார் எல்லாம் தனித்தனிச் சமூகங்கள். இந்தத் திரிபின் பின்னணி கோமுட்டிச் செட்டியார் என்றும் அழைக்கப்படும், வீட்டில் தெலுங்கு பேசி, வாசவி கன்னிகா பரமேஸ்வரியை வணங்கும் ஆரிய வைசியருடையது. எதற்காகக் கேட்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிட்டுக் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. 'சில குடும்பங்களுக்கு ஒரு மயக்க மருந்து ஒத்துக்காது, அதுக்காகத்தான் கேட்கிறேன்' என்ற ஒரு வாக்கியம் போதும். அதே நேரம் இந்தக் கேள்வியை மட்டும் நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. ஏடிபிகல் வகையோ வேறு திரிபோ எந்தச் சமூகத்திலும் வரலாம். கலப்புத் திருமணக் குடும்பங்களும் உண்டு. 'உங்க வீட்டில், உங்க சொந்தத்தில், ஆபரேஷன் முடிந்து மூச்சு திரும்பத் தாமதமாகி மிஷினில் வைத்தது யாருக்காவது நடந்ததா' என்ற கேள்வி எல்லாரிடமும் கேட்கப்பட வேண்டியது.

என்ன தரலாம், என்ன கூடாது

ஸ்கோலினும், இதே நொதியால் உடையும் தசைத் தளர்த்தியான மிவாகியூரியமும் கூடவே கூடாது. அவசர டியூபுக்கு ரோகுரோனியம் கிலோவுக்கு 1.2 மில்லிகிராம், கைவசம் சுகமடெக்ஸ். டியூப் போட முடியாமல் உடனே முறிக்க வேண்டி வந்தால் கிலோவுக்கு 16 மில்லிகிராம் என்பதால், 60 கிலோவுக்கு 960 மில்லிகிராம் தேவை. 200 மில்லிகிராம் வயல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தயார் என்று நினைக்கக் கூடாது. அட்ராகியூரியம், சிஸ்அட்ராகியூரியம், வெகுரோனியம் தரலாம். லிக்னோகெய்ன், புபிவகெய்ன், ரோபிவகெய்ன் தரலாம். இவை கல்லீரலில் உடைபவை. குளோரோபுரோகெய்ன், புரோகெய்ன், டெட்ராகெய்ன் ஆகியவை இந்த நொதியை நம்பியவை. சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பும் சிறு ஆபரேஷன்களில் முதுகு ஊசிக்குக் குளோரோபுரோகெய்ன் இப்போது புழக்கத்துக்கு வந்திருப்பதால் இதைக் குறித்து வைக்க வேண்டும். ரெமிஃபென்டனிலும் எஸ்மோலாலும் பெயரளவில் எஸ்டர் என்றாலும் உடைக்கும் நொதிகள் வேறு, பயமில்லை. ஆஸ்துமாவுக்கான பாம்பியூட்டரால் மாத்திரை இந்த நொதியைத் தடுப்பது மட்டுமல்ல, மருந்தாக மாறவும் இதே நொதி தேவை. இவர்களுக்கு அது பயன் தராது.

கவனம் அதிகம் தேவைப்படும் இடங்கள் இரண்டு. ஒன்று, முழு மயக்கத்தில் அவசரச் சிசேரியன். கர்ப்பத்தில் நொதி ஏற்கெனவே இருபது முப்பது சதவீதம் குறைகிறது, அந்த அவசரத்தில் குடும்பக் கதை கேட்க நேரமும் இருக்காது. ஆகவே கர்ப்பப் பதிவின்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். மற்றது மனநலப் பிரிவில் தரும் மின்அதிர்வுச் சிகிச்சை. சிறு டோஸ்தானே என்று ஸ்கோலின் போடுகிறார்கள்; அங்கே பெரும்பாலும் வென்டிலேட்டரும் இல்லை, நெர்வ் ஸ்டிமுலேட்டரும் இல்லை.

குடும்பம்

பெண்ணின் தம்பிக்கு இரண்டும் திரிபாக இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. அளவு 150 வந்தது. அம்மா 3,400, அப்பா 4,100, கணவர் 5,600. இங்கே ஓர் எச்சரிக்கை: சுமப்பவரை நொதி அளவை வைத்து உறுதி சொல்ல முடியாது, இயல்பு எல்லையின் கீழ்ப்பகுதியோடு கலந்துவிடும். கணவரின் 5,600 லேப் எல்லைக்குள் இருந்தும் மரபணுச் சோதனையில் அவர் சுமப்பவர் என்று தெரிந்தது. அதனால் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் இரண்டும் திரிபாக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. 9 வயது மகனுக்கு 210, 6 வயது மகளுக்கு 3,900. கைக்குழந்தைகளுக்கு நொதி இயல்பாகவே பெரியவர்களில் பாதி அளவில் இருப்பதால் முதல் ஆறு மாதத்தில் சோதித்துக் குழம்ப வேண்டாம்.

'இது வியாதியா, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது சொல்லணுமா' என்று பாட்டி கேட்பார், கேட்காத வீடு இல்லை. வியாதி இல்லை. இந்த நொதி இல்லாமலே ஒருவர் முழு ஆயுள் ஆரோக்கியமாக வாழலாம். டே-சாக்ஸ் போலக் குழந்தையைக் கொல்லும் நோய்க்கு, திருமணத்துக்கு முன் சுமப்பவரைக் கண்டறிவது நியாயம். 1970களில் தொடங்கிய அந்தச் சோதனையால் அஷ்கெனாசி யூதர்களிடம் அந்நோய் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஒரு மருந்தைத் தவிர்த்தால் தீர்ந்துபோகும் இதற்குச் சம்பந்தத்தை நிறுத்துவது அநியாயம்.

பெண், தம்பி, மகன், தாய்மாமன் நால்வருக்கும் அட்டை எழுதித் தரப்பட்டது. தமிழிலும் ஆங்கிலத்திலும், பர்ஸில் வைக்கும் அளவில்: 'சூடோகோலினெஸ்டரேஸ் நொதி இல்லை, இரு பிரதியிலும் திரிபு. ஸ்கோலின், சக்ஸினைல்கோலின், மிவாகியூரியம் போடக் கூடாது. குளோரோபுரோகெய்ன் தவிர்க்கவும். ரோகுரோனியம், அட்ராகியூரியம், லிக்னோகெய்ன், புபிவகெய்ன் பாதுகாப்பானவை. கோலினெஸ்டரேஸ் குறைவு என்று வந்தால் விஷம் என்று முடிவு செய்யும் முன் சிவப்பணு நொதியைப் பார்க்கவும்.' அட்டையின் படம் வீட்டில் எல்லார் போனிலும் ஏற்றப்பட்டது. மகனின் அட்டை நகல் பள்ளிக் கோப்பிலும், குடும்பம் வழக்கமாகப் போகும் பல் மருத்துவரிடமும் வைக்கப்பட்டது. நான்கு மாதம் கழித்துப் பெண்ணின் தம்பிக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் வந்தபோது அட்டையைக் கவுன்டரிலேயே நீட்டினார். ரோகுரோனியம் 50 மில்லிகிராமில் டியூப் போட்டு, முடிந்ததும் ஸ்டிமுலேட்டரில் இரண்டு துடிப்பு பார்த்து, கிலோவுக்கு 2 மில்லிகிராம் கணக்கில் சுகமடெக்ஸ் கொடுத்தார்கள். டியூபைத் தியேட்டரிலேயே எடுத்தாயிற்று.